புகாரே வராத ஒரு வாரம்

அந்த நூலகத்தில் அவரை எல்லாரும் ‘பேக்கப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி மட்டும் மூன்று. எதற்கும் ஒரு நகல் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “எனக்கும் ஒரு பேக்கப் வச்சிருக்கியா?” என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். “ஒண்ணையே மேய்க்க முடியல, இதுல ரெண்டா?” என்றார் அக்கா. 

அக்காவின் வேலை டேட்டாபேஸ் சர்வர்களைக் கட்டிக் காப்பது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், யார் எடுத்துப் போனார், என்றைக்குத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவற்றுக்குள்தான் இருந்தது. கீழ்த்தளத்து அறையில் மொத்தம் பதினான்கு சர்வர்கள். ஒவ்வொரு பிரிவும் “எங்களுக்குத் தனியா வேணும்” என்று அடம்பிடித்து வாங்கியவை. பதினான்கு அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் வெந்நீர் போடுகிற கதை. சத்தத்தில் மாவு மில் தோற்றுவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிறுவர் பகுதி. அங்கே இடம் போதாமல் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி ஏறிய அக்கா, ஒருநாள் நேரே தலைமை நூலகரிடம் போய் நின்றார்.

“பதினாலையும் ரெண்டுக்குள்ள அடக்கிடறேன். அந்த ரூமைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க.”

தலைமை நூலகர் நாள்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையைச் சுழித்தார். “அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காலியாகணும். இல்லேன்னா ஸ்டோர்காரருக்குப் போயிடும். அவர் ரெண்டு வருஷமா கேக்கறார்.”

நூலகத்தின் பழைய சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரிடம் கால் ஒடிந்த நாற்காலிகள் நூற்றுப்பத்து இருந்தன.

அக்கா சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். எந்த சர்வர், யாருக்கு, எவ்வளவு பெரிசு, எப்போது சும்மா இருக்கும் என்று கட்டம் கட்டமாக எழுதினார். ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கிக் கேட்டார். வாரா வாரம் விடுமுறை நாளில் ஒன்றிரண்டாக நகல் எடுத்து, மேல்மாடியில் இருந்த இரண்டு புது சர்வர்களில் இறக்கி, இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, அதற்குப் பிறகே பழையதை அணைத்து வெளியே அனுப்பினார். பதின்மூன்று ஒழுங்காக ஊர் மாறின.

பதினான்காவதுதான் வம்பு. அதன் நெற்றியில் ‘தற்காலிகம்’ என்று ஒரு ஒட்டுத்தாள். வயது ஒன்பது. ‘யாருக்கு’ என்ற கட்டத்தில் வெறும் கேள்விக்குறி. எல்லாப் பிரிவும் “எங்களோடது இல்லப்பா” என்று கையை விரித்துவிட்டன.

இந்த மாதிரி அநாதை சர்வருக்கு அக்காவின் தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு: நெட்வொர்க் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. யாராவது கத்தினால் அவர்தான் சொந்தக்காரர். ஒரு வாரம் யாரும் கத்தாவிட்டால் குப்பைக்குப் போகலாம். கெடு வெள்ளிக்கு முந்திய வெள்ளியன்று அக்கா பிடுங்கினார். பிடுங்குமுன் வழக்கப்படி ஒரு நகல் எடுத்து மேலே இறக்கியும் வைத்தார்.

திங்கள் வரை புகார் இல்லை. புதனும் இல்லை. வழக்கமாக நாளுக்கு ஐந்தாறு வரும். இந்த வாரம் ஒரு எலி கீச்சிடும் சத்தம்கூட இல்லை. அக்கா வீட்டில் வாய்க்குள் பாட்டுப் பாடினார். வீட்டுக்காரர் பயந்தே போனார்.

வெள்ளி காலை பத்து மணி. அக்கா ‘தற்காலிக’த்தின் பவர் பட்டனில் விரல் வைத்த நேரம், வரவேற்பு மேசை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றார்.

“அக்கா, இதை எங்க கொட்டட்டும்? நெறைஞ்சு போச்சு.”

“என்னது அது?”

“புகாரு. ஒரு வாரமா நம்ம வெப்சைட்டுல புகார்ப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. வர்றவங்களைச் சீட்டுல எழுதித் தரச் சொன்னேன்.”

“அடப் பாவமே, ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“நீங்கதானே போர்டு வச்சீங்க? போன் பண்ணாதீங்க, எதுவானாலும் புகார்ப் பக்கத்துல எழுதுங்கன்னு!”

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்துகிற வாயையே கட்டிவிட்டு, கத்தல் வருகிறதா என்று ஒரு வாரம் காது தீட்டியிருக்கிறார். புகார்கள் எல்லாம் சேர்ந்ததே அந்தத் ‘தற்காலிக’த்தில்தான். அதற்குள் நுழைந்து பார்த்தால் ஒன்பது வருஷத்துக்கு முந்திய குறிப்பு ஒன்று: ‘தற்காலிக ஏற்பாடு, அடுத்த வாரம் மாற்றிவிட வேண்டும்.’ அடியில் அக்காவின் பெயரேதான்.

வரவேற்பு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சிரித்தாலும் மணி ஓடுகிறதே! நகல் மேலே தயாராக இருந்தது. புகார்ப் பக்கத்தை அந்த நகலை நோக்கித் திருப்பிவிட்டால் போதும். திருப்பினார். பக்கம் திறந்தது. ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. பழைய சர்வர் எழுத்துகளைச் சேமித்து வைத்த முறை வேறு, புதியது படிக்கிற முறை வேறு. அக்கா சாப்பாட்டை மறந்து, ஒயரைத் திரும்பச் செருகி, மறுபடி நகல் எடுத்து, முறையை மாற்றி இறக்கினார். இரண்டு தடவை சொதப்பியது. மூன்று மணிக்கு ஸ்டோர்காரர் அளவு நாடாவோடு வந்துவிட்டார்.

“சும்மா அளந்து பாக்கறேம்மா. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

“நல்லா அளங்கண்ணே. பிள்ளைங்களுக்குப் பாய் வாங்க அளவு வேணும்.”

மூன்றாவது தடவை எழுத்து எழுத்தாக நின்றது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்று. நாலே காலுக்கு அக்கா பட்டனை அழுத்தினார்.

அறை அடங்கியது. ஒன்பது வருஷமாக அங்கே யாரும் கேட்டிராத அமைதி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. ஸ்டோர்காரர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். “தள்ளுவண்டி எடுத்தாரட்டுமா?” என்று கேட்டு, அவரே சர்வரைத் தூக்கி ஏற்றினார். இரும்புச் சட்டத்தை நகர்த்தியதும் பின்னால் ஒரு ஜன்னல் தெரிந்தது! நாலே முக்காலுக்குத் தலைமை நூலகர் சாவியைச் சிறுவர் பகுதிக்குக் கொடுத்தார்.

அக்கா பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். நாற்பத்தொரு சீட்டு. நாற்பதில் ஒரே சங்கதி: புகார்ப் பக்கம் திறக்கவில்லை. மிச்சம் ஒன்றில் பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: ‘அந்த ரூம் எப்ப பாத்தாலும் கத்துது. பேசாம இருக்கச் சொல்லுங்க.’

அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்தச் சீட்டின் கீழே ‘தீர்ந்தது’ என்று எழுதினார். பிறகு ஜெராக்ஸ் எடுத்தார். ஒன்று கோப்புக்கு. இன்னொன்று கைப்பையில், இரண்டு குடைக்கும் நடுவில்.