எர்த் பட்டை

வண்டலூர் பெட்ரோல் பங்கில் அம்மாவைக் காரிலிருந்து இழுத்து இறக்கிய அவசரத்தில் அவளுடைய கண்ணாடி வளையல் உடைந்து என் முழங்கையைக் கீறியது. முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள். அதற்குச் சற்று முன்புதான் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பியிருந்தேன், ஸ்டார்ட்டர் முனகியது. ஒரு மாதமாகவே அப்படித்தான், பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். மறுபடி திருப்பியபோது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தோடு புகை கிளம்பியது. பங்க் ஆட்கள் மணல் வாளியோடு ஓடிவந்து காரைச் சாலையோரம் வரை தள்ளினார்கள். என்னைவிட மூத்த கார் அது. அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன்.

புகை அடங்கியதும் குனிந்து பார்த்தேன். பத்து நாள் முன்பு கேம்ப் ரோட்டுக் கடையில் புது ஹாரன் மாட்டியபோது இழுத்த சிவப்பு ஒயர் உருகித் தொங்கியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு ஹாரன் கடைக்காரருக்குப் போன் செய்து, "எங்கம்மாவை உயிரோட கொளுத்தப் பார்த்தீங்களா?" என்று கத்தினேன். போலீசுக்குப் போவேன் என்றேன். "மேடம், நான் ஃப்யூஸ் வச்சுத்தான்..." என்று அவர் தொடங்கியதை முடிக்கவிடவில்லை.

அம்மாவை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்து எங்கள் காரின் எல்லா வேலையையும் பார்த்துவந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். வருடங்கள் கழிந்து இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார். இப்போது வாசலில் நிற்பவை பெரும்பாலும் பேட்டரி ஸ்கூட்டர்கள். வேறு யாராக இருந்தாலும் ஒயரிங் முழுவதையும் மாற்றிவிடலாம் என்பார்கள். அவர் எதையும் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார். புது ஹாரன் ஒயரால்தான் என்று நான் சொன்னதும் ஆரம்பித்தார்.

"ஓடிகினு இருக்கும்போது பொகை வந்துச்சா டீச்சர், ஸ்டார்ட் பண்ணும்போதா?"

"ஸ்டார்ட் பண்ணும்போதுதான்."

"ஹாரன் அடிச்சீங்களா?"

இல்லை என்றேன். சிவப்பு ஒயரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள போற கரண்ட்டால சூடாயிருந்தா சுத்தியும் வெந்திருக்கும். இது ஒரு பக்கந்தான் கருகிக்கீது. பக்கத்துல எதுவோ இத சுட்டிருக்கு." பக்கத்தில் இருந்தது சோக் கேபிள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப இழுக்கும் வெறும் இரும்புக் கம்பி. கரண்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதன் மேலுறைதான் முழுக்க உருகியிருந்தது.

மீட்டரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் கார் பாடியிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் எகிறியது. இன்னொரு முறை திருப்பச் சொன்னார். பிறகு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். வெகுநேரம் அவருடைய கால்கள் மட்டும் அசையாமல் தெரிந்தன. வெளியே வந்தவர் நேராக உள்ளே போய், ஒரு தகர டப்பாவைக் கிளறி, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு சாண் பட்டையை எடுத்துவந்தார்.

"இது எர்த் பட்டை. ஸ்டார்ட்டர் இழுக்குற கரண்ட் என்ஜின்லேர்ந்து பாடிக்குத் திரும்பிப் போற வழி. இது இல்லாததால அத்தனை கரண்ட்டும் அந்தக் கேபிள் வழியா போயிருக்கு."

"இது எப்படிண்ணா உங்ககிட்ட?"

"போன மாசம் கிளட்ச் வேலைக்குக் கழட்டினேன். திரும்ப மாட்டல. தப்பு என்னுது டீச்சர்."

அந்தப் பட்டையைச் சத்தமில்லாமல் மாட்டியிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பழி சுமக்கச் சிவப்பு ஒயர் தயாராக இருந்தது; தீர்ப்பையும் நானே சொல்லியாகிவிட்டது. காருக்கு அடியில் அவர் படுத்திருந்த அந்த நேரத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் அவர்மேல் மரியாதை கூடியிருக்கிறதே தவிர, கோபம் வந்ததில்லை.

ஹாரன் கடைக்காரரிடம் பேசியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பட்டையை மாட்டி, உருகிய ஒயரையும் கேபிளையும் மாற்றி முடித்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, போய் சொல்லிட்டு வந்துடலாம்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அண்ணன் காத்திருக்கவில்லை. "நீங்க இழுத்த ஒயர் கரெக்ட்டு. எர்த்து மாட்டாம வுட்டது நானு" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"விசாரிக்காம பேசிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "காலைலேர்ந்து எந்த எடத்துல தப்பு பண்ணேன்னுதான் யோசிச்சுகினு இருந்தேன் மேடம். ஒரு வேலையும் ஓடல" என்றார். பிறகு, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் நான் அவரிடம் எடுத்த எடுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.