கென்யாவுக்குப் போன நாக்கு

எங்கள் வீட்டில் விஸ்கி கலப்பது நான், குடிப்பது அவர். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பதோடு நிறுத்தமாட்டார்கள், கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமியார் காது வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அன்றன்றைக்கு வரும் தூளில் டீ இறக்கி வாயில் வைத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் நாக்குதான். அந்த நாக்குக்காக வேலை நாட்களில் பச்சை வெங்காயம்கூடத் தொடமாட்டார். சில வருடங்களுக்கு முன்பு கென்யாவிலிருந்து ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது, போய்விட்டார். பிள்ளைகள் படிப்பு என்று அப்போது ஒரு காரணம் இருந்தது. படிப்பெல்லாம் முடிந்து அவர்கள் வேலைக்கும் போய்விட்டார்கள். இவர்தான் இன்னும் வந்தபாடில்லை.

அங்கே அவருடைய முதலாளி அயர்லாந்துக்காரர். வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் இவர் கிளம்பும்போது, ஐரிஷ் விஸ்கி ஒரு பாட்டில் கொடுத்து அனுப்புவார். முதல் வருடம் அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, "இதுல என்ன இருக்குது புள்ள, சப்புன்னு கெடக்குது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்ததை இப்படியா அவமானப்படுத்துவது? வீட்டுக்குப் பின்னால் காய்த்த மரத்தக்காளியைச் சுட்டுத் தோலுரித்தேன். நாட்டுச் சர்க்கரையும் துளி உப்பும் போட்டுப் பிசைந்து வடிகட்டி, விஸ்கியை அதில் ஊற்றிக் கொடுத்தேன். சர்ரென்று உறிஞ்சினார், வாய்க்குள் சுழற்றினார், பழக்க தோஷத்தில் அப்படியே வாஷ்பேசினில் துப்பிவிட்டார். டீயை ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. துப்பிய பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை.

அதிலிருந்து அவர் லீவு என்றால் எனக்குத் திருவிழாதான். பிளம்ஸ் சாறு, ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகு, இஞ்சி என்று எதையாவது புதிதாகக் கலந்து நீட்டுவேன். அவர் தீர்ப்புச் சொல்வார். "இதுல பாடி இல்ல." "இது நல்லா பிரிஸ்க்கா இருக்குது, ஆனா கடேசீல கசக்குது." எல்லாம் டீக்குச் சொல்கிற வார்த்தைகள்; பாடி என்றால் வாயில் நிற்கிற கனம், பிரிஸ்க் என்றால் நாக்கைச் சுண்டுகிற விறுவிறுப்பு. நான் உதட்டில் நனைத்துப் பார்ப்பதோடு சரி. அவர் போன பிறகு வருடம் முழுக்க, மார்க்கெட்டில் எலுமிச்சை பொறுக்கும்போதுகூட, இதைப் போட்டால் என்ன சொல்வார் என்றுதான் மனம் ஓடும். பக்கத்தில் ஆள் இல்லாமல் இந்த வயதில் இப்படி ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுகிறேன் என்றிருந்தார். அவர் வந்து இறங்கியதும் கொடுப்பதற்கென்றே ஒன்று கண்டுபிடித்தேன். வாசனை தூக்கலான உறைபனிக் காலத்து டீத்தூளில் இறக்கி ஆறவைத்த டிகாஷன், காட்டோரம் பறித்த கருநீலத் தவிட்டுப்பழத்தின் சாறு, போன லீவில் நான் மிச்சம் பிடித்து வைத்த விஸ்கி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் டம்ளரைத் தூக்கிக் காட்டினேன்.

"கலரு அருமையா இருக்குது. குடிச்சுப் பாத்துச் சொல்லு புள்ள."

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க வந்து சொல்லுங்க."

நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். கண் இமைத்துக்கொண்டுதான் இருந்தார்.

வந்துருங்க என்று அதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போகிற மனுசனைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். அன்றைக்கு அது எங்கே போனதோ தெரியவில்லை.

"இன்னும் இருக்கச் சொன்னாங்கன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. எனக்கு நீங்க இல்லாம முடியலைங்க. ஊட்டுக்கு வந்துருங்க."

"போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன் புள்ள. இன்னும் ரெண்டு வருஷம்." தலையைக் குனிந்துகொண்டார். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டியேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். காலி டம்ளரைப் பார்த்து அவர் கேட்டார்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இல்லீங்க" என்றேன்.

ரொம்ப நன்றாக இருந்தது.