இரண்டு பூட்டுக்கும் ஒரே வாக்கியம்

சுங்கை பினாங்கில் பிறந்து வளர்ந்த லோகேஸ்வரிக்கு ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை. வாய்த்த புருஷன் புவனேஸ்வரனோ எதற்கெடுத்தாலும் கை ஓங்குகிறவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் மகள் ரூபினியோடு கிளம்பி வந்துவிட்டாள். புது வீடு எங்கே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அவன் வாசலில் வந்து நிற்பான். அப்புறம் அவளையும் பிள்ளையையும் நிம்மதியாக இருக்க விடமாட்டான்.

ஓடிவந்த அவசரத்தில் லேப்டாப்பை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டாள். புது வீட்டு விலாசத்தோடு வாடகைப் பத்திரம் அதற்குள் கிடக்கிறது. நல்லவேளை, பூட்டித்தான் வைத்திருந்தாள். மனதில் ஒரே ஒரு வாக்கியம். அதோடு ஃபோல்டரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதை லட்சம் முறை அரைத்து ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனிச் சாவி கொடுக்கும். மகளின் படங்களுக்கு ஒன்று, பத்திரத்துக்கு வேறொன்று.

மகளின் படம் வேண்டும் என்று வக்கீல் மூலமாக அழுதான் அவன். சரி, தொலையட்டும் என்று, அவன் லேப்டாப்போடு வந்திருந்த குவீன் ஸ்திரீட் வக்கீல் ஆபிசில் படத்துச் சாவியை மட்டும் கொடுத்தாள். படங்கள் திறந்தன. ஒன்றைக்கூடப் பார்த்தானா பாவி? நேரே அதே சாவியை அடுத்த ஃபோல்டரில் போட்டான்.

"ஏன் தொறக்க மாட்டேங்குது?"

"அது படத்துக்கு மட்டுந்தான்."

கூட வந்திருந்த அவன் அக்கா நல்லம்மாள் விடவில்லை. "எல்லாம் ஒரே பாஸ்வேர்டுலருந்துதான் வருதுன்னு நீதானே பீத்திக்கிட்ட. இத வச்சு அதக் கண்டுபிடிக்க முடியாதா?"

"சுட்ட தோசய மறுபடி மாவாக்க முடியுமா அண்ணி?"

"அப்ப அந்த பாஸ்வேர்டச் சொல்லு லா."

"சொல்ல மாட்டேன்."

புவனேஸ்வரன் மேசையில் ஓங்கி அடித்தான். கல்யாண நாள், மகள் பிறந்த நாள், குலசாமி பெயர் என்று வாரக்கணக்காகப் போட்டுப் பார்த்தவன். தன் பெயரைக்கூடப் போட்டானாம், என்ன நெஞ்சழுத்தம்!

"எம்புள்ளய எங்கடி ஒளிச்சு வச்சிருக்க? நானா உங்களப் போகச் சொன்னேன்? அக்கா, நீயே கேளு. என் வாயால ஒரு நாளாச்சும் சொல்லியிருப்பேனா?"

பிரசவ வார்டில், பச்சைப் பிள்ளையோடு கிடந்த லோகேஸ்வரியின் முகத்துக்கு நேரே, 'பொட்டப் புள்ளயப் பெத்துக்கிட்டு, ரெண்டு பேரும் எங்கயாச்சும் போய்த் தொலைங்க' என்றவன் இவன்தான். அந்த வாக்கியத்தைத்தான், ஓர் எழுத்து மாற்றாமல், அவள் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். இந்த நிமிடம் ஞாபகம் வந்துவிட்டால் போச்சு, வாசலுக்கு வந்துவிடுவான். அவன் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"சாமி சத்தியமா நான் அப்படிச் சொன்னதே இல்ல" என்று சொல்லி லேப்டாப்பை மூடினான் புவனேஸ்வரன்.