சித்தப்பா பாதியில் விட்ட சண்டை

எங்கள் சித்தப்பாவை அடித்து வீழ்த்த ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் அது. சொன்னதில் பொய்யில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி உரமேறிய கை அவருடையது. ராகலையிலிருந்து ஹட்டன் வரை எந்தத் தோட்டத்து ஆளும் அந்தக் கைக்கு முன்னால் மூன்றாவது சுற்றைக் கண்டதில்லை. குத்துச்சண்டை என்னவோ துரைமாரின் பொழுதுபோக்குத்தான். குத்து வாங்குகிறவர்கள் மட்டும் எங்கள் ஆட்கள். ஆனாலும் சித்தப்பா கயிற்றுக்குள் நுழைந்தால் பெரிய துரையே சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிடுவார். கடைவீதியில் துணிக்கடை நானா சித்தப்பாவின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். எனக்கு அவர் சாமிக்கு அடுத்தபடி. சில நாட்களில் சாமிக்கும் முந்தி.

எங்கள் தோட்டத்தில் தப்பு முழங்காமல் எதுவும் நடக்காது. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வேலையாட்களைக் கூப்பிடவும், திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் அந்தத் தோல்மேளத்தில் தனித்தனி அடி உண்டு. சாவு விழுந்தால் மட்டும் எங்களைப் போன்ற சிறுசுகளைத் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும், தூரத்திலிருந்த பிள்ளைக்காம்பராவுக்கு விரட்டிவிடுவார்கள். சித்தப்பாவின் சண்டைக்கும் தப்பு உண்டு. தப்புக்காரர் தோலை நெருப்பில் காய்ச்சி எடுத்துக்கொண்டு மேடையோரம் வந்து நிற்பார். சித்தப்பாவின் கையை விட்டு அவர் பார்வை நகராது. கை எப்படி விழுகிறதோ, தப்பும் அப்படியே விழும்.

ஒரு நாள் சண்டைக்குப் பொகவந்தலாவையிலிருந்து லொறியில் வந்து இறங்கியவன் இளவட்டம். அவனும் அதுவரை தோற்றதில்லை. ஜெயிக்கிறவரைக் கொழும்புக்கு அனுப்பிப் பெரிய மேடையில் ஏற்றுவதாகத் துரை சொல்லியிருந்தார். சித்தப்பா வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அதற்குத்தான். தொழிற்சாலைத் திடலில் இரண்டு தோட்டத்துச் சனமும் நெருக்கியடித்து நின்றது. நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது சுற்றிலேயே அந்த இளவட்டத்துக்குக் கை எழவில்லை. கயிற்றில் சாய்ந்துவிட்டான், கயிறுதான் அவனை விழாமல் பிடித்திருந்தது. சித்தப்பாவின் குத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. தப்பு வேகம் பிடித்தது. சனம் கத்தியது. என் கால்கள் அப்பாவின் மார்பில் தாளம் போட்டன.

திடீரென்று சித்தப்பா நின்றுவிட்டார். தப்புக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும், யாருடையவோ போல, குனிந்து பார்த்தார். கையுறையின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டார். நடுவராக நின்ற சின்னத்துரை கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, நிற்கவே முடியாதவனின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

சித்தப்பா மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னாலேயே போய், "இன்னும் ஒரு குத்துதானேடா, ஏன் விட்டுட்டு வந்த?" என்று கேட்டார்.

"தப்பு மாறிப் போச்சுண்ணே."

அப்பாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. வெட்கம் என்று நினைத்தேன். சித்தப்பா தப்பின்மேல் பழி போடுகிறாரே என்று எனக்கும் அழுகையாக வந்தது.

அதன் பிறகு அவர் ஜெயித்த சண்டை ஒன்றுகூட ஊருக்கு ஞாபகமில்லை. அவரிடம் குத்து வாங்கி விழுந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். பெயரே பாதிச்சண்டைக்காரர் என்றாகிவிட்டது. நானா படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் கலண்டர் மாட்டினார். சித்தப்பா யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. மறுபடி கையுறை மாட்டவுமில்லை. கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய்வந்தார்.

சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனார். எனக்கும் ஓரளவு விவரம் தெரிந்த வயது. சாவு வீட்டில் இருக்க விட்டது அதுதான் முதல் தடவை. பொகவந்தலாவைக்காரன் தன் பெண்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் கூப்பிடாமலேயே, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கினான். தப்புக்காரர் முதல் அடி அடித்தார்.

என் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. மனசுக்கு எட்டுமுன் காலுக்குத் தெரிந்துவிட்டது. அன்று திடலில் சித்தப்பாவின் கையோடு சேர்ந்து விழுந்த அதே அடி. அத்தனை சனத்தின் காதிலும் விழுந்தும் யாருக்கும் உறைக்காத ஒன்று, ஜெயிக்கப்போகிற அந்த ஒரு மனிதருக்கு மட்டும் உறைத்திருக்கிறது. அப்பாவைப் பார்த்தேன். பீலிக்கரையில் நின்ற அதே முகத்தோடு நின்றார், அது வெட்கமில்லை.

என் இடுப்பிலிருந்த குழந்தை தப்புச் சத்தத்துக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.