தாப்பாளுக்கு இங்கிலீஷில் என்ன?

இரண்டு பேர் பேசிக்கொள்ள மூன்றாவது ஆளுக்குத் தொண்டை வறளும் தொழில் எங்களுடையது. மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். சரியாக வந்தால் பேசினவருக்குக் கைதட்டல். தப்பாகப் போனால் நமக்குத் திட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நான் மாதுங்காவில் வளர்ந்து, கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போனவள். இருபது வருஷமாக லோக்கல் ரயிலில் இடிபட்டு தாராவிக்கு வேலைக்கு வருகிறேன். பெண்களுக்கு நடக்கும் கொடுமையை உலகம் முழுவதிலும் ஒழிக்கப் பாடுபடும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அங்கே ஒரு கிளை இருக்கிறது. அவர்கள் இங்கிலீஷில் நினைப்பதைத் தமிழில் சொல்வதும், தாராவிப் பெண்கள் திருநெல்வேலித் தமிழில் சொல்வதை இங்கிலீஷாக்குவதும் என் வேலை. என் தமிழைக் கேட்டு, "எக்கா டிவி நியூஸ் வாசிக்காவ" என்று அவர்கள் சிரிப்பார்கள். உலகம் இன்னும் திருந்தவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

வன்முறை இல்லாத வீடு

ஒரு வருஷம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை வந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வியை, "உங்கள் வீட்டில் வன்முறை உண்டா?" என்று மொழிபெயர்த்திருந்தேன். அகராதிப்படி அப்பழுக்கில்லாத தமிழ். ஒரு சந்து முழுக்க ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் "இல்லை" என்றே பதில் வந்தது. கிளையை நடத்தும் சுனிதா மேடம், தமிழர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று என்னைப் பார்த்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி வீட்டில், இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறையில், முப்பிடாதியைப் பார்த்தோம். முறுக்குப் பட்டறையில் வேலை, முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. கீழ் அறையில் மாமியார். மேலே இவளும் கணவனும் பிள்ளையும். அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. நான் கேள்வியைப் படித்தேன். அவள் நிஜமாகவே யோசித்தாள். கலவர காலத்தில் கடைகளைக் கொளுத்தியதாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாளாம். வன்முறை என்றால் அவளுக்கு அதுதான்.

"இப்பம் வன்முறையெல்லாம் கெடையாதுக்கா. அவிய அடிக்க மட்டுந்தான் செய்வாவ."

பதினாறு

வருஷா வருஷம் பதினாறு நாள், உலகம் முழுக்க, பெண்களை அடிப்பதற்கு எதிராகக் கூட்டம் போடுவார்கள். நிறம் ஆரஞ்சு. எங்கள் கிளைக்கும் ஆரஞ்சு துப்பட்டாக்கள் மூட்டையாக வந்தன. முதல் நாளே டீக்கடையில் ஒருவர், "எந்தக் கட்சிம்மா, பிரியாணி உண்டா?" என்று கேட்டார். அது போகட்டும். பேனர் எழுதியது நான். சந்து முனையில் பெரிய எழுத்தில் "பதினாறு நாள்! அனைவரும் வருக!" என்று கட்டிவைத்தேன்.

பதினாறாம் நாள் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வரும் வழியில் அதை எங்கேயோ தொலைத்துவிட்டேன். கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை, குங்குமம் கொடுத்தும் எடுத்துக்கொள்ளவில்லை. முப்பிடாதி பட்டறையிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"யாருக்குக்கா பதினாறு? ஒரு வார்த்த சொல்லப்படாதா? முறுக்கு மாவு கையோட வந்து நிக்கேன்."

சமாதானம்

அடுத்து வந்தது பெண்களும் அமைதியும். சண்டை நடக்கும் நாடுகளில் பேச்சுவார்த்தை மேசையில் பெண்களையும் உட்கார வைத்தால் அமைதி நிலைக்கிறது, ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு குழு வேண்டும் என்று கையேடு சொன்னது. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. மனசார நம்பித்தான் மொழிபெயர்த்தேன். அடி வாங்குகிற பெண்கள் துணிந்து வந்து சேர வேண்டிய அந்தக் குழுவுக்கு, "பெண்கள் சமாதானக் குழு" என்று பெயர் வைத்தேன். துண்டுப் பிரசுரத்தில் புறாப் படம் வேறு.

சமாதானம் என்றால் நமக்கு என்ன? ஊர்ச் சங்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேட்டு, பெண்ணைத் திரும்பப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவது. அடி வாங்கிய ஒரு பெண்கூட அந்தப் பிரசுரத்தோடு வரவில்லை. முதலில் வந்தது முப்பிடாதியின் மாமியார். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விக்ரோலியில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய் எட்டு நாள் ஆகிறது, சமாதானம் பண்ணி அனுப்புங்கள் என்றாள். குழுவுக்கு முதல் கேஸ் என்று சுனிதா மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. கணவன் வந்தான், கை கூப்பினான், ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டான். முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னமும் செய்ங்க" என்றாள். "அவளுக்குச் சம்மதம்" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் சொன்னேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அன்றைக்கே அவள் மாடி ஏறினாள். மாமியார் டீயைக் குடித்துவிட்டுப் போகும்போது மனம் நிறைந்து சொன்னாள்: "எங்க சங்கத்துலயும் இதத்தான் செய்வாவ. நீங்க ஃபேன் போட்டு, டீ குடுத்துச் செய்திய."

தினமும் இல்லை

இரண்டு மாதம் கழித்து மணிக்கட்டு முறிந்து வந்தாள். போலீஸ் சௌக்கிக்குக் கூட்டிப் போனேன். அங்கே என் ஹிந்திக்கு வேலை. தினமும் அடிப்பானா என்று ஹவால்தார் கேட்டார். முப்பிடாதி பொய் சொல்லத் தெரியாதவள். "தெனமும் இல்ல. சம்பளத்தன்னைக்கு, லீவு நாள்ல, அப்புறம் கிரிக்கெட்டுல தோத்தா" என்றாள். சொன்னதைச் சொன்னபடி ஹிந்தியில் சொல்ல வேண்டுமா, கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள், "தெனமும் இல்ல" என்பது அவருக்கே புரிந்துவிட்டது. தாராவியில் பத்து வருஷம் டியூட்டி பார்த்தவர். பேனாவை மூடினார்.

"ரோஜ் நஹி மார்தா, தோ மை லிக்கூ க்யா? தினமும் அடிக்கலேன்னா நான் என்னத்த எழுத மேடம்?"

உலகத்திடம் கேட்ட ஒரு பொருள்

வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெரிய பதவி, நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செம்பூரில் ஏசி ஹால் பிடித்து, இருபது பெண்களை வட்டமாக உட்கார வைத்தோம். உலகம் உங்களுக்கு ஒன்று தருவதாக இருந்தால் என்ன கேட்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கக்கூஸ் என்றாள் ஒருத்தி. மகளுக்குக் காலேஜ் என்றாள் இன்னொருத்தி. முப்பிடாதியின் முறை வந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா. அவிய குடிச்சிட்டு ஏறி வந்தா நானும் பிள்ளையும் போட்டுக்கிடுவோம்."

மைக் என் கையில். தாப்பாளுக்கு இங்கிலீஷில் என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தவரிடம் போய்த் தாப்பாளா கேட்பது என்று கூச்சமாக இருந்தது. அவளுக்கு ஒரு "சேஃப் ஸ்பேஸ்" வேண்டுமாம் என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குறித்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆறே மாதத்தில் அது வந்தும் விட்டது. எங்கள் ஆபீஸிலேயே ஓர் அறை. சுவரில் புறா, கீழே பாய், ஆரஞ்சுத் தலையணைகள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, ஞாயிறு விடுமுறை. ரிப்பன் வெட்ட முப்பிடாதியையே அழைத்தோம். வெட்டிவிட்டு உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

"ரூமு நல்லாருக்குக்கா. ராத்திரி படுக்க விடுவாவளா?"

எந்தப் பக்கமும்

அன்று நேரே வீட்டுக்குப் போகாமல், அவமானத்தில், கிங்ஸ் சர்க்கிளில் போய் இறங்கினேன். சிறு வயதிலிருந்து தெரிந்த ஹார்டுவேர் கடை. இருப்பதில் பலமான தாப்பாள் ஒன்று, திருகாணியோடு கேட்டேன். ஒரு கேள்வியைத் தப்பாக மொழிபெயர்த்தேன், ஒரு பெயரைத் தப்பாக வைத்தேன், ஒரு பதிலைத் திருத்திச் சொன்னேன். இதையாவது சரியாகச் செய்வோம் என்று நினைத்தேன். கடைக்காரர் குஜராத்தி, அந்த ஏரியாவில் வியாபாரம் செய்து தமிழ் பழகியவர். உள்பக்கம் போடுவதற்குத்தான், சரியாக இருக்குமா என்று இரண்டு முறை கேட்டேன்.

"கவலையே வேண்டாம் மேடம். இது உள்ளேயும் போடலாம், வெளியேயும் போடலாம்."

போகும்போது

பட்டறைக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்தேன். செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்து, நகைப் பெட்டியைத் திறந்தவள் மாதிரி சிரித்தாள். சந்து ஆசாரி ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருவான் என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் அவள் வரவில்லை. பட்டறையில் கேட்டால் வேலைக்கு வருவதில்லை என்றார்கள்.

போய்ப் பார்த்தேன். கீழே மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மேலதான் கெடக்கா, ஏறிப் போங்க" என்றாள். ஏணியில் ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. நான் வாங்கிய தாப்பாள் புதுக்கருக்கு மாறாமல் என் முகத்துக்கு நேரே இருந்தது. வெளிப்பக்கம். ஆசாரி வருவதற்குள் புருஷன் அதைப் பார்த்துவிட்டானாம். அவனே திருகாணி போட்டு மாட்டினானாம். வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறானாம். இதெல்லாம் நான் திறந்து உள்ளே போன பிறகு முப்பிடாதி சொன்னது. "வாங்கக்கா, ஒக்காருங்க" என்று பாயைத் தட்டிப் போட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

கிளம்பு என்றேன். எங்கே என்றாள். விக்ரோலி அக்காள் புருஷன், சமாதானம் ஆன பிறகு இங்கே என்ன வேலை என்று கதவைச் சாத்திவிட்டாராம். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கீழே பாட்டியிடம்தான் வருமாம். அதை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டாள். எங்கள் அறை ஐந்து மணிக்கு மூடிவிடும், அப்போதே நாலரை. சுனிதா மேடத்துக்கு போன் போட்டேன். நாளைக்கு மீட்டிங்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எழுந்தேன்.

"போவும்போது தாப்பாவப் போட்டுட்டுப் போங்கக்கா. இல்லன்னா யாரு தெறந்தான்னு கேப்பாவ."

இந்த இருபது வருஷத்தில் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், முப்பிடாதி சொன்னதைச் சொன்னபடியே நான் செய்தது அந்த ஒரு தடவைதான்.