படகக்காவும் விமானத்து வாலும்

படகக்காவுக்குக் கை தாராளம். சோறு போட்டால் தட்டு வழியும். திட்டினால் அடுத்த தெருவுக்கும் பங்கு போகும். படகுப் பட்டறையில் அவள் அடைத்த ஓட்டை எதுவும் மறுபடி ஒழுகியதாகச் சரித்திரமே கிடையாது. கண்ணாடி நார்த் துணியை விரித்து ரெசின் பசையைத் தடவினாள் என்றால், நாலு சுற்றுப் போட வேண்டிய இடத்தில் ஆறு போடுவாள். யாராவது வாயைத் திறந்தால், "கூட ரெண்டு போட்டா குடியா முழுகிடும்?" என்பாள். குடியும் முழுகவில்லை, படகும் முழுகவில்லை. அதனால் அவளை யாரும் திருத்தப் போகவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா போன பிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து எல்லாம் படகக்காதான். அக்கா தண்ணீரைப் பார்த்துப் பிழைத்தாள் என்றால் தங்கை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கயிறு கட்டி மேலே இழுத்துவிட்டால் காற்றிலேயே மிதந்து திரும்பி வருகிற விமானம் அது.

"இஞ்சினே இல்லாததுல ஏறுறியே, உனக்கு மூளை கீளை இருக்காடி?" என்று ஆரம்பத்தில் படகக்கா ஒரு பாட்டம் அழுதாள். பிறகு பட்டறையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எந்தங்கச்சி பிளேன் ஓட்டுறா" என்று பீற்றிக்கொண்டதும் அவள்தான்.

வருகிற சனிக்கிழமை தங்கைக்குப் பயிற்சியாளர் தேர்வு. தேர்வாளர் ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த மைதானத்துக்கு வருவார். இரண்டு பேர் உட்காரும் கிளைடரில்தான் தேர்வு நடக்கும், மைதானத்தில் அப்படி இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

அதன் வாலில் கொண்டுபோய் வேனை மோதினார் படகக்காவின் வீட்டுக்காரர். உதவி செய்யத்தான் போனார், பாவம். நாலு பேர் நாலு திசையிலிருந்து "வா வா வா" என்று கையாட்ட, மனிதர் ஐந்தாவது திசையில் வந்துவிட்டார். வால் சுக்கானின் பின்விளிம்பு அப்பளம்போல் நொறுங்கிப் போயிற்று. தங்கை அழவில்லை. அதுவரை "மாமா மாமா" என்று கூப்பிட்டவள், அன்றிலிருந்து "அவரு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்றார் அவர்.

வழக்கமாகப் பழுது பார்ப்பவர் கை ஒடிந்து வீட்டில் கிடந்தார். புதுச் சுக்கான் வரப் பல மாதம் ஆகுமாம். படகக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டாள்.

விமானங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற ஆய்வாளர் அங்கே இருந்தார். எங்கே போனாலும் ஒரு தராசுப் பெட்டி கூடவே வரும் என்பதால், படகக்கா பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர் வைத்தாள். அவர் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் ரெசின்.

"செய்யுங்கம்மா. உள்ள நுரை, மேல ரெண்டு சுத்துத் துணி. ரெண்டே ரெண்டு. புதன்கிழமை வந்து பார்க்கிறேன்."

"சுக்கான்தானே? எத்தனை படகுக்குப் பண்ணியிருக்கேன்!" என்றாள் படகக்கா.

வேலையை அழகாகத்தான் செய்தாள். நொறுங்கியதை வெட்டி எறிந்து, உடைந்த ஓரத்தைச் சுற்றிலும் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, நுரையை இழைத்து ஒட்டி, அதன்மேல் துணி போட்டாள். ஒன்று, இரண்டு. அப்புறம் கை சும்மா இருக்கவில்லை. இதில் உட்காரப் போவது யார்? தான் வளர்த்த பெண். இன்னொரு சுற்றுப் போட்டாள். விளிம்பில் மட்டும் மேலும் ஒன்று.

புதன்கிழமை தராசுக்காரர் சுக்கானைக் கீல்களில் படுக்கைவாட்டில் மாட்டி, பின்விளிம்பைத் தராசில் தாங்கவைத்தார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எத்தனை சுத்து போட்டீங்க?"

"ரெண்டு... கூட ஒண்ணு. என் தங்கச்சி ஏறுற விமானம் சார், அதான் கெட்டியா இருக்கட்டும்னு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் படகக்கா பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். "அம்மா, கீலுக்குப் பின்னால எடை ஏறினா, வேகமாப் போறப்ப சுக்கான் கொடி மாதிரி படபடன்னு அடிக்கும். அப்படி ஆரம்பிச்சா வாலே பிஞ்சு போயிடும். நீங்க பாசத்துல போட்ட அந்த ஒரு சுத்துதான் உங்க தங்கச்சியைக் கொல்லும்."

படகக்கா சுக்கானிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"முன்பக்கம் கொஞ்சம் ஈயத்தை வச்சு சரிக்கட்டிடலாமே?" என்றார் வீட்டுக்காரர்.

"சுக்கானோட மொத்த எடைக்கும் ஒரு வரம்பு இருக்கு சார். அதைத் தாண்டிடும்."

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு பெரியவங்க..." என்று அவர் இழுத்தார். படகக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பழமொழி பாதியிலேயே நின்றது.

அவள் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள். அந்தச் சாக்கில் கொஞ்சம் அழுதாள். தன் கையாலேயே எமனுக்கு வழிவிட இருந்தேனே என்று நெஞ்சு பதறியது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே வந்து, உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். தான் பார்த்துப் பார்த்துப் போட்டதையெல்லாம் தானே தேய்த்து எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒட்டுப்போட்ட துணியைக் குறைக்கிறாள்.

இந்தத் தடவை துணியை முதலில் தராசில் வைத்தாள். துணியின் எடைக்குச் சரியாக ரெசின். பிளாஸ்டிக் தாளின்மேல் துணியை விரித்து, ரெசினை ஊறவிட்டு, வெள்ளை மறைந்து துணி கண்ணாடியாகத் தெரிந்ததும் நிறுத்தினாள். மிச்சத்தை ரப்பர்த் தகட்டால் வழித்து எடுத்தாள். கை தானாக ரெசின் கிண்ணத்துப் பக்கம் போனபோதெல்லாம், "ஏய், சும்மா கிட!" என்று கையையே அதட்டினாள். இரண்டு சுற்று. இரண்டே இரண்டு.

ரெசின் இறுகச் சீரான சூடு வேண்டும். வீட்டுக்காரர் போர்வையால் கூடாரம் கட்டி, உள்ளே ஹீட்டர் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். டீ கொடுக்க வந்த தங்கை தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். "ஆறிடும், குடிங்க மாமா" என்றாள். மனிதர் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பினார், அதுவும் ஆறித்தான் போயிற்று.

வெள்ளிக்கிழமை மறுபடி தராசு. தராசுக்காரர் எண்ணைப் படித்தார், சுக்கானை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் படித்தார். ஒட்டின்மேல் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். உள்ளே ஒட்டாமல் இடைவெளி இருந்தால் பொத்தென்று ஒலிக்கும், எங்கேயும் அப்படி ஒலிக்கவில்லை. ஒரே சீராக டிக் டிக் என்றது.

"வரம்புக்குக் கீழதான் இருக்கு. நல்லாவே கீழ."

"அப்போ இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த படகக்கா, அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முதல்முறையாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே கிளைடரில் தானே முதலில் ஏறி வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "வால் கல்லு மாதிரி நிக்குதும்மா" என்றார்.

சனிக்கிழமை தேர்வாளரோடு தங்கை மேலே போனாள். படகக்காவால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்காரரின் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவர் பொறுத்துக்கொண்டார், பொறுக்க வேண்டியவர்தானே. வெள்ளைக் கிளைடர் வட்டமடித்துப் புல்லில் வழுக்கி வந்து நின்றது. தேர்வாளர் இறங்கித் தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

தங்கை ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் முன் இருக்கையைக் காட்டினாள்.

"இனிமே நான் சொல்லிக்கொடுக்கலாம்கா. முதல் ஆளு நீதான். ஏறு."

"நானா? போடி இவளே! எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும்!"

"உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அந்த வார்த்தை போதும். படகக்கா விறுக்கென்று ஏறி உட்கார்ந்தாள். வார்களை இறுக்கினார்கள். கயிறு இழுத்தது, தரை கீழே போயிற்று, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் சொல்லிக் கத்தினாள். கயிறு கழன்றதும் ஓசை அடங்கியது. காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"அக்கா, கண்ணைத் திற. இடது காலை மெல்ல மிதி, அது சுக்கானைத் திருப்பும்."

மிதித்தாள். விமானத்தின் மூக்கு, ஆற்றில் படகு திரும்புகிற மாதிரி, மெல்ல இடது பக்கம் திரும்பியது. வலது காலை மிதித்தாள். வலது பக்கம் திரும்பியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"திரும்புதுடி!" என்று வானமே அதிரக் கத்தினாள் படகக்கா. "நான் செஞ்சதுடி! நான் செஞ்சது!"