மாவு மில் முனைக் கண்ணாடி

தென்னூரில் ஜென்சி வீட்டுச் சந்து, மாவு மில் முனையில் சடாரென்று திரும்பும். அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதற்கென்ன, எல்லோரும் ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்புவார்கள். அடித்துவிட்டால் கடமை முடிந்தது. அதற்கப்புறமும் ஒருவர் குறுக்கே வந்தால் அது அவர் தலையெழுத்து. நல்ல நியாயம்!

ஜென்சிக்குக் காது கேட்காது. ஏழாவது படிக்கும்போது வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டு வாயை விட்டுவைத்தது. அதுவும் கொஞ்சநஞ்ச வாயில்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள், பிடித்த கையோடு திருப்பியும் கொடுப்பாள். ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டிசைன் வேலை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டிப் போய்வருவாள். பாலத்துக் காற்று முகத்தில் அடிக்கும்போது, யார் தயவும் தனக்கு வேண்டாம் என்று தோன்றும். அந்த நினைப்புக்காகவே வேலைக்குப் போகலாம்.

போன ஆடியில் அந்த முனையில் ஒரு பால் வேன் அவளை இடித்துத் தள்ளியது. முழங்கை முறிந்தது. "ஹாரன் அடிச்சேனே," என்றான் டிரைவர். கூடி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அண்ணன் ஸ்டீபன்ராஜ் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கூட்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே பஸ்ல போ. உனக்கெதுக்கு வண்டி?"

"முனையில கண்ணாடி மாட்டுறேன். சாவியக் குடு."

மில்காரர் டோனி தன் சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கண்ணாடி வாங்கப் போன ஸ்டீபன்ராஜ்தான் அதிமேதாவித்தனம் பண்ணினான். பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி என்று கேட்டு, உள்ளே குழிந்த ஒன்றை வாங்கி வந்தான். பக்கத்தில் போனால் அவன் மூக்கு சுரைக்காய் மாதிரி தெரிந்தது. பத்தடி தள்ளிப் போனதும் ஆளே தலைகீழானான். முனை திரும்பிய ஆட்டோ ஒன்று சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு வந்தது. ஜென்சி சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கை வலித்தது.

வெளியே புடைத்த கண்ணாடிதான் வேண்டும் என்று அவளே போய் வாங்கி வந்து மாட்டவைத்தாள். அது எதையும் நேராகவே காட்டும், சந்து முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ஆனால் சின்னதாகக் காட்டும். கிட்டே வந்துவிட்ட வண்டி எட்டத்தில் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். ஏமாறுவதற்கு ஜென்சி தயாராயில்லை. ப்ளஸ் டூவில் படித்ததைத் தூசி தட்டி எடுத்தாள். கண்ணாடியின் குவியத் தூரம் அரை மீட்டர், அதற்குமேல் நெருங்கினால் ஆபத்து என்கிற பத்து மீட்டரில் ஒரு பைக். இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், பிம்பம் கண்ணாடிக்குப் பின்னே நாற்பத்தெட்டு சென்டிமீட்டரில் விழும். பத்து மீட்டரில் அது இருபத்தொன்றில் ஒரு பங்கு, பிம்பத்தின் உயரமும் அதே பங்குக்குத்தான் சுருங்கும். ஆகவே ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஆளும் வண்டியும் வந்தால், பிம்பம் ஏழு சென்டிமீட்டர். அது கண்ணாடிக்குப் பின்னே இருப்பதால், எட்டடி தள்ளி நிற்கிறவள் கண்ணுக்குக் கண்ணாடிமேல் ஆறு சென்டிமீட்டர்தான் வரும்.

ஆறு சென்டிமீட்டருக்குச் சிவப்பு டேப்பை வெட்டிக் கண்ணாடியில் நெட்டுக்குத்தாக ஒட்டினாள். பத்து மீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டு அண்ணனைப் பைக்கோடு நிறுத்தினாள். பிம்பமும் டேப்பும் கச்சிதமாகப் பொருந்தின. டேப்பைவிட உயரமாகத் தெரிந்தால் நில், குட்டையாகத் தெரிந்தால் போ. ஸ்டீபன்ராஜ் சாவியைக் கொடுத்தான்.

முறிந்த எலும்பு கூடி அவள் ஓட்டத் தொடங்கிய வாரமே எதிர்வீட்டு ராசாத்திக்குக் கண்ணாடி கண்ணில் பட்டது. வெங்காய மொத்த வியாபாரி. மூன்று மாடி வீடு. கண்ணாடியில் அந்த வீடு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணுக்கு வந்த சம்பந்தமும் தட்டிப்போயிற்று. கேட்கவா வேண்டும்? கண்ணாடிமேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டாள்.

"என் வீட்டை இத்துனூண்டா காட்டுது. குடும்பமே சிறுத்துப் போயிரும்டி," என்றாள் ராசாத்தி.

"மாதா கோயில் கோபுரம்கூட அதுல சின்னதாத்தான் தெரியுதுக்கா. அது சிறுத்தாபோச்சு?"

ஜென்சி சாக்கை உருவினாள். மறுநாள் மறுபடியும் சாக்கு. உருவ உருவ வந்தது. கடைசியில் கைக்கு எட்டாத உயரத்தில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"பெரிய இடம். நமக்கெதுக்கு வம்பு, பஸ்லயே போயேன்," என்று ஸ்டீபன்ராஜ் மறுபடி கையை நீட்டினான்.

"சாவி மட்டும் உன் கைக்கு வராது," என்றாள் ஜென்சி. போன முறை காதைச் சொல்லி நிறுத்தினார்கள், இந்த முறை கண்ணையும் கட்டிவிட்டு நிறுத்துகிறார்கள்.

நேரே முனைக்கு ஓட்டிப் போனாள். கண்ணாடிக்கு எட்டடி தள்ளி, சந்தின் நடுவில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டாள். பின்னால் ஸ்கூல் வேன் வந்து நின்றது. அதன் பின்னால் ராசாத்தியின் வெங்காய லோடு ஆட்டோ. முனைக்கு அந்தப் பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. வழக்கம்போல எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். விடாமல் அடித்தார்கள். சந்தே செவிடாகிற இரைச்சல். ஜென்சி ஒருத்திதான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

ராசாத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "நகருடி."

"அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரியாம எப்படிக்கா திரும்புறது? ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. இன்னும் நல்லா அடிக்கட்டும்."

வேன் டிரைவர் இறங்கி வந்தார். "அக்கா, அந்தச் சாக்கை எடுத்துத் தொலைங்க. ஸ்கூல் பெல் அடிச்சிருவாங்க."

ராசாத்தி தன் வெங்காய ஆட்டோவைப் பார்த்தாள். அசையாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தாள். பிறகு வீட்டிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவரச் செய்து, தானே ஏறிக் கயிற்றை அறுத்தாள். சாக்கு கீழே விழுந்தது.

எல்லோரும் ஜென்சி கிளம்புவாள் என்று பார்த்தார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் முதலில் நின்ற பைக், டேப்பைவிட உயரமாகத் தெரிந்தது. கண்ணாடி வழியாகவே, பின்னால் போ என்று அவனுக்குக் கையைக் காட்டினாள். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் தள்ள, அவன் பின்னால் நின்ற கார் நகர, அதன் பின்னால் நின்ற ஆட்டோவும் நகர்ந்தது. பைக்கின் பிம்பம் சிவப்பு டேப்புக்குக் கீழே இறங்கும்வரை ஜென்சி சாவியைத் திருப்பவில்லை.